அப்பா கடல் பார்க்கப் போன கதை

கடலோரத்தில் பிறந்து, கடலோரத்தில் வளர்ந்து, அலைச் சத்தம் இல்லாவிட்டால் தூக்கம் வராத நாங்கள், கடல் பார்ப்பதற்காகப் பை கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். எங்கள் கரையிலும் நம்பவில்லை. காரோடு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மீன்கூடையோடு நின்ற பெண்கள் எங்கே பயணம் என்று அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். "அங்க வடக்க ஒரு ஓட்டல்ல ரெண்டு நாளு இருந்திட்டு வாறோம்" என்றாள் அம்மா. யாருக்குச் சுகமில்லை என்று ஒருத்தி கவலையோடு கேட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர வேறு எதற்காக மனிதர்கள் வீட்டை விட்டு வெளியே போய்த் தங்குவார்கள் என்பது அவளுக்குப் புரியவில்லை. சும்மாதான் தங்கப் போகிறோம், அறைக்குள் இருந்தே கடல் பார்க்கலாமாம் என்று நான் விளக்கினேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் அப்பா சாலையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டார்.

பள்ளிக்கூடத்தில் ஓண லீவு விட்டிருந்த நேரம் அது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். இந்தப் பயணம் மாமாவின் ஏற்பாடு. மாமா அம்மாவின் தம்பி, வளைகுடாவில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை பார்த்தார். அதற்கு முன்னால் நாங்கள் தங்கப் போகும் இந்த ஓட்டலில்தான் தொழில் படித்தாராம். லீவில் ஊருக்கு வந்தவர், அப்பாவுக்கும் வளைகுடாவில் ஒரு வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாக ஒரு நாள் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அறிவித்தார். படுக்கை விரிப்பது, துணி மடிப்பது, அறை துடைப்பது, இவ்வளவுதான் வேலை. அப்பா போகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. மீன் முள்ளை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ஓட்டலு எப்பிடி இருக்கும்ணு கண்டாத்தானே அத்தான் பயம் தெளியும்?" என்றார் மாமா. அப்படித்தான் இந்த இரண்டு நாள் தங்கல் முடிவானது. திரும்பி வரும்போது அப்பா ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

அவர் மாட்டேன் என்றுதான் சொல்லவேண்டும் என்று நான் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். ஏனென்றால் என் அப்பா சாதாரண ஆள் இல்லை. எங்கள் கரையில் கரமடி வலை போடுகிறவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு வலையை விடமுடியாது. வள்ளத்தில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீர் மட்டத்திலிருந்து மீன் கூட்டம் தெரியாது. உயரமான இடத்தில் ஒருவர் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் ஓரிடத்தில் கறுத்துத் திரண்டு நகர்ந்தால் அவர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து வீசுவார். துண்டு வலது பக்கம் போனால் வள்ளம் வலது பக்கம் போகும். இடது பக்கம் போனால் இடது பக்கம். துண்டு கீழே இறங்கினால் வலை இறங்கும். பிறகு கரையில் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கயிற்றை இழுப்பார்கள். சிலுவை நட்ட குருசடிக்குப் பக்கத்துப் பாறைமேல் நின்று துண்டு வீசுகிறவர் என் அப்பா. ஊரே கேட்கும் ஆள். கோயிலில் பூசை வைக்கும் அச்சன் சொல்வதைக் கேட்காதவர்கள்கூட அப்பாவின் துண்டு சொல்வதைக் கேட்பார்கள். அப்படிப்பட்டவரை மெத்தை விரிக்க அனுப்பப் பார்க்கிறார்களே என்று அம்மாமீதும் மாமாமீதும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஆனால் ஓட்டலைக் கண்டதும் என் ஆத்திரம் பாதியாகிவிட்டது. நெய்யாற்றின்கரை போய்ப் பஸ் மாறி, கடைசியில் ஆட்டோ பிடித்துப் போன இடம் ஒரு பாறைக் குன்று. அதன் உச்சியில் மூன்று மாடிக் கட்டடம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் குவிந்த இடமாம். நாங்கள் போனபோது உப்புக்காற்று தின்றது போக மிச்சம் இருந்ததுதான் ஓட்டல். பெயர்ப் பலகையில் பாதி எழுத்து இல்லை. ஜன்னல் கம்பியைத் தொட்டால் கை சிவந்தது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இல்லை, தவளைகள் இருந்தன. மேனேஜர் மாமாவின் பழைய சிநேகிதர். கோட்டு போட்டிருந்தார், காலில் ரப்பர் செருப்பு. அவருக்குப் பின்னால் சுவரில் வரிசையாகக் கடிகாரங்கள் வேறு வேறு மணி காட்டின. அது வேறு வேறு நாட்டு நேரம் என்றார் மாமா. வளைகுடா நேரத்துக்கு உரிய கடிகாரத்தில் முள் ஓடவில்லை. அப்பா அங்கே போனால் ஒரு நாள் முடிய எவ்வளவு காலம் ஆகுமோ என்று எனக்குக் கொஞ்சம் கவலை வந்தது.

லிஃப்ட் என்ற பொருளை முதலில் கண்டது அங்கேதான். மடக்குக் கதவை இழுத்துச் சாத்தினால் ஒரு உறுமல், ஒரு உதறல், பிறகு சுவர் கீழே இறங்கிப் போகும். நாம் மேலே போகிறோமா, கட்டடம் கீழே போகிறதா என்று நான் பலமுறை ஏறி இறங்கிச் சோதித்தேன். அறையில் அதிசயங்களுக்குக் குறைவில்லை. பழுப்புக் கோடு விழுந்த குளிக்கும் தொட்டி, பிஸ்கட் அளவு சோப்பு, தூக்கினால் கீழே மேனேஜர் பேசும் போன், தண்ணீர் சொட்டுவதற்குப் பக்கெட் வைத்திருந்த ஏசி. சோப்பு ஏன் இவ்வளவு சின்னது, இதற்கு முன்னால் இந்தக் கட்டிலில் யார் படுத்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்று கேட்டுக் கேட்டு மாமாவின் உயிரை எடுத்தேன். அம்மா வெள்ளை விரிப்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதில கெடந்தா பொறவு வெளுக்கது ஆராக்கும்?" என்று கேட்டுக் கீழே சேலையை விரித்துப் படுத்தாள்.

அப்பா மட்டும் எதையும் பார்க்கவில்லை. லிஃப்ட்டில் ஏறமாட்டேன் என்று படியேறி வந்தவர் நேரே பால்கனிக்குப் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அறை சுத்தம் செய்கிறவர் வந்தபோது மாமா அவரிடம் மெதுவாக விரிக்கச் சொல்லி, விரிப்பின் மூலையை எப்படி மடித்துச் செருகுவது என்று விளக்கவுரை நடத்தினார். அப்பா திரும்பவே இல்லை.

"அத்தான், இஞ்ச ஒண்ணு பாருங்க. இவ்வளவுதான் வேல. ஒரு பாடும் இல்ல."

"கடலு கெடக்கும்போ மெத்தய என்னத்துக்குல பாக்கணும்?" என்றார் அப்பா, முகத்தைத் திருப்பாமலே.

எனக்கு ஒரே சந்தோஷம். போய் அவர் நாற்காலிக் கையில் உட்கார்ந்துகொண்டேன். கீழே வெகுதூரத்தில் கட்டுமரங்கள் நின்றன. "மக்கா, அந்த மரத்தில எத்தர பேரு இருக்கினம்?" என்று கேட்டார். மூன்று பேர் என்றேன். "அந்தப் பக்கம் தண்ணி என்ன நெறமாக்கும்?" பச்சை என்றேன். "ம்" என்றார். அந்த வருடம் முழுக்க அவர் என்னிடம் இப்படிப் பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார், பாறைக்குக்கூட என்னைக் கூட்டிப் போக ஆரம்பித்திருந்தார். நான் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. பெண்பிள்ளையாக இருந்தாலும் தனக்குப் பிறகு துண்டை என் கையில் கொடுக்கப் போகிறார் என்றே நினைத்திருந்தேன். அம்மா அறைக்குள்ளிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள்.

மறுநாள் காலையில் ரொட்டியும் முட்டையும் தின்ற கையோடு நான் தவளை பார்க்க நீச்சல் குளத்துக்குப் போனேன். தண்ணீர் இல்லாத குளத்தில் தவளை எதை நம்பிக் குடியிருக்கிறது என்ற ஆராய்ச்சியில் இருந்தபோது, பக்கத்தில் சாய்வு நாற்காலியில் கிடந்த வெள்ளைக்காரி எழுந்து மேலே கை காட்டினாள். எங்கள் பால்கனியில் ஒரு வெள்ளை விரிப்பு பறந்துகொண்டிருந்தது. வலது பக்கம் ஒரு வீச்சு, நிறுத்தம், மறுபடி வலது பக்கம் ஒரு வீச்சு. அது என்ன என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் பாறையைவிட எவ்வளவோ உயரமான இடம், துண்டைவிட எவ்வளவோ பெரிய துணி! அப்பா ஓட்டல் விரிப்பை எடுத்துக் கடலுக்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தார்.

குன்றுக்குக் கீழே மணலில் ஒரு கரமடிக் கூட்டம் காத்துக் கிடந்தது. அவர்களுடைய வள்ளம் தண்ணீரில் நின்றது. யார் வீசினாலும் உயரத்திலிருந்து வரும் துணிக்கு வள்ளம் திரும்பும், எந்தக் கரையிலும் அதுதான் பழக்கம். வேலை தெரியாதவன் அந்தத் துணியைத் தொடமாட்டான் என்ற நம்பிக்கை அது. வள்ளம் திரும்பியது. விரிப்பு சொன்ன இடத்துக்குப் போனது. விரிப்பு சட்டென்று இறங்க, வலையும் இறங்கியது. எனக்குக் கைதட்டவேண்டும் போல இருந்தது. வெள்ளைக்காரி போட்டோ எடுத்தாள். இது என் அப்பா என்று அவளிடம் சொல்ல எனக்கு இங்கிலீஷ் வரவில்லை என்பதுதான் வருத்தம்.

குன்றின் விளிம்புக்கு ஓடிப்போய் நானும் கடலைப் பார்த்தேன். வள்ளம் வளைத்த இடத்தில் தண்ணீர் கறுத்துத்தான் இருந்தது. நேர் மேலே ஒரு மேகம் நின்றது. மேகம் நகர்ந்தபோது கறுப்பும் கூடவே நகர்ந்து வலைக்கு வெளியே போய்விட்டது. எனக்கு அது விசித்திரமாக இருந்தது. ஆனால் அப்பாவுக்குத் தெரியாததா, இதிலும் ஏதோ சூட்சுமம் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

கயிறு இழுத்து முடிய வெகுநேரம் பிடித்தது. வலையின் மடி கரைக்கு வந்தபோது அதில் சொறி மட்டும்தான் இருந்தது. மீன்போல மினுங்கி, தொட்டால் அரிக்கும் அந்தக் கொழகொழத்த பண்டத்தைக் குவியல் குவியலாக மணலில் கொட்டினார்கள். அதே நேரத்தில் வடக்குப் பக்கத்தில் வேறொரு கூட்டத்தின் வலையில் நெத்தோலி அள்ள அள்ளக் குறையாமல் கிடந்தது. அந்தப் பக்கமிருந்து வந்த கூச்சலைக் கேட்டுவிட்டு, இந்தப் பக்கத்து ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து குன்றைப் பார்த்தார்கள். பிறகு படியேறத் தொடங்கினார்கள்.

ஈரத் துணியும் மணலுமாக அவர்கள் ஓட்டல் முகப்பில் வந்து நின்றபோது மேனேஜர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். முன்னால் நின்றவர் தலையில் துண்டு கட்டிய வயதானவர், அவர்தான் தலைவர் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"துணி வீசினது ஆராக்கும்? அவன இஞ்ச கீழ எறக்கு!"

"கெஸ்டாக்கும், அறியாம..." என்று மேனேஜர் இழுத்தார். மாமா இரண்டு கையையும் விரித்து ஏதேதோ சொல்லிப் பார்த்தார். பின்னால் நின்ற இளைஞர்கள் கேட்கிற மாதிரி இல்லை. அன்று அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த வலையில் இருந்தது.

அப்பா படியிறங்கி வந்தார். கையில் அந்த விரிப்பு அப்படியே இருந்தது, ஒளித்து வைத்துவிட்டு வரவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை அவருக்கு. எனக்குப் பயம் போய்விட்டது. இப்போது அப்பா தான் யார், எந்தக் கரை, தன் துண்டுக்கு எத்தனை வள்ளம் திரும்பும் என்று சொல்லப் போகிறார், இவர்கள் வாயடைத்துப் போகப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். அவர் சொல்லத் தாமதித்ததால் நானே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். பின்னாலிருந்து அம்மாவின் கை வந்து என் வாயைப் பொத்தியது. வலிக்கும்படி பொத்தினாள்.

"நானாக்கும் வீசினது" என்றார் அப்பா. "நமக்குக் குன்னத்துகால் மலப் பக்கம். ரப்பரு வெட்டு. கடலு கண்டு பழக்கம் இல்ல. போர்வ காத்தில பறந்துது, பிடிச்சிப் பிடிச்சி நிறுத்தினேன். அதக் கண்டு நீங்க வள்ளத்தத் திருப்புவீங்கண்ணு நமக்கு எப்பிடித் தெரியும்? தப்பாப் போச்சு. பொறுத்துக்கிடணும்."

தலைவர் அப்பாவின் பக்கத்தில் வந்தார். விரிப்பைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். கயிறு அறுத்துக் காய்த்த கைகள் அவை. கறுத்துத் தோலுரிந்த கழுத்தைப் பார்த்தார். கடைசியில் கண்களைப் பார்த்தார், அங்கேதான் அதிக நேரம் பார்த்தார்.

"ரப்பரு வெட்டா?"

"ஓ, ரப்பரு வெட்டுதான்."

தலைவர் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "மலங்காட்டுக்காரனாக்கும். அவனுக்குக் கடலப் பத்தி என்னல தெரியும்? நடங்க, நடங்க" என்று அவர்களை விரட்டினார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். அவர் மட்டும் ஒரு நிமிடம் பின்தங்கி, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, வெயிலு கொள்ளாதீங்க. உள்ள போயி இருங்க" என்றார். அவ்வளவு கோபமாக வந்த மனிதர் போகும்போது எதற்காக அண்ணே என்று கூப்பிட்டார் என்று எனக்குப் புரியவில்லை. அப்பாவின் நடிப்பில் அவர் ஏமாந்துவிட்டார் என்றே முடிவுசெய்தேன். கடலைக் கண்டதில்லையாம், ரப்பர் வெட்டாம்! எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. திரும்பிப் பார்த்தால் அம்மா தூணோடு சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஆட்கள் போன பிறகும் பயப்படுகிறாளே, இவளுக்குத் தைரியமே கிடையாது என்று நினைத்தேன்.

மேலே அறைக்கு வந்ததும் அப்பா பால்கனிக் கதவைச் சாத்தினார். கையிலிருந்த விரிப்பை உதறிக் கட்டில்மேல் போட்டார்.

"எலே மச்சான், இத எப்பிடி மடக்கணும்? ஒருக்கக் காட்டு."

மாமா மூலையை மடித்துக் காட்டினார். அப்பா ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். வலை முடிச்சு போடுகிற விரல்களுக்கு அது ஒரு வேலையா? முகத்துக்குப் பக்கத்தில் வைத்து மடிப்பைச் சரிபார்த்துவிட்டு மறுமுனைக்குப் போனபோது, அங்கே அம்மா முன்னாலேயே நின்று விரிப்பைப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் கட்டிலை விரித்தார்கள், கலைத்தார்கள், மறுபடி விரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. இத்தனை பேரைத் தனியாக நின்று ஜெயித்த மனிதர் எதற்காக இப்போது தோற்றவர்போல மெத்தை விரிக்கிறார்? எனக்குத் தெரிந்த ஒரே காரணம், அவருக்கு ஓட்டல் பிடித்துப் போய்விட்டது என்பதுதான். எனக்கே பிடித்திருந்ததே.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் அப்பா விமானம் ஏறிவிட்டார். எங்கள் பாறைக்கு வேறு ஆள் வந்தார். பல வருடம் கழித்து, அப்பாவின் கண்ணில் புரை எடுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்தபோதுதான் அம்மா எனக்குச் சொன்னாள். அந்த ஓட்டலுக்குப் போவதற்கு ஒரு வருடம் முன்பிருந்தே அப்பாவுக்குத் தூரப் பார்வை மங்கிவிட்டதாம். அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவில்லை. மாமாவுக்குச் சொல்லி அனுப்பி அப்பாவுக்கு வேலை தேடச் சொன்னதே அம்மாதான். ஊரே நம்பும் துண்டு ஊருக்கு முன்னால் ஒருநாள் பிழையாகிப் போவதற்குள் அவரைப் பாறையிலிருந்து இறக்கிவிட வேண்டும் என்று அவள் தவித்திருக்கிறாள். பிழையானது வேறு கரையில், அவரைத் தெரியாத ஆட்களுக்கு முன்னால். அதற்காக மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாளாம்.

ஆனால் அப்பா விமானம் ஏறிய அந்த நாட்களில் கரையில் எல்லோரும் கேட்டார்கள், இத்தனை நல்ல கண்ணை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் கடலை விட்டுவிட்டு மெத்தை விரிக்கப் போவானா என்று. "ரெண்டு நாளு ஓட்டல்ல கெடந்ததில சொகம் பிடிச்சுப் போச்சு, வேற என்னத்த சொல்ல" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் கூடவே நின்று லிஃப்ட்டையும் குளிக்கும் தொட்டியையும் சின்ன சோப்பையும் கையை ஆட்டி ஆட்டி வர்ணித்தேன். சொகுசுக்கு மயங்கிப் போன மனிதன் என்று கரை முழுக்கச் சிரித்தது. கோயில் நடையில், கிணற்றடியில், ஏலம் போடும் இடத்தில், எங்கே போனாலும் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி மறுபடி சொல்லச் சொல்லிச் சிரித்தார்கள். அப்பாவைச் சொல்லி இப்படிச் சிரிக்கிறார்களே, அம்மாவுக்குக் கொஞ்சமும் கோபம் வரவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள்தான் என்னை முன்னால் தள்ளி, "சொல்லு மக்கா, அந்த சோப்பு கதயச் சொல்லு" என்றாள்.